டைல்ஸ்காரர் போட்ட தரை

இஸ்திரியக்கா வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் குனிந்து தரையைத்தான் பார்க்க வேண்டும். பார்க்காமல் உள்ளே போய்விட்டால் அக்கா விடமாட்டாள். "பயப்படாம நடங்க, வழுக்காது. இவர் போட்டது" என்று நாற்காலியில் இருக்கும் புருஷனைக் கைகாட்டுவாள். கேட்டவர்களுக்குச் சொல்வாள், கேட்காதவர்களுக்கு இரண்டு தடவை சொல்வாள்.

ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். புருஷன் டைல்ஸ் பதிக்கிறவர். கடல் தாண்டி வந்து, அடுத்தவர் வீட்டுக் குளியலறைகளிலேயே முட்டி தேய்ந்த மனிதர். வேலை முடிந்த இடத்தில் மிச்சம் கிடக்கும் கற்களைக் கேட்டு வாங்கி வருவார், கேட்காமல் ஒரு துண்டைக்கூடத் தொடமாட்டார். பல் டாக்டர் வரவேற்பறையின் சாம்பல் நிறம், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தின் பழுப்பு, யாரோ பணக்காரர் சமையலறையின் வெள்ளை எல்லாம் இந்த வீட்டு ஹாலில் வந்து சேர்ந்தன. ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி ஆகிவிடுமோ என்று அக்கா உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தாள். அவர் பதித்து முடித்துத் துடைத்துவிட்ட அன்று பார்த்தால், இந்த ஹாலுக்கென்றே சொல்லிச் செய்த கற்கள் போல் இருந்தன. மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எந்த மூலையில் வைத்தாலும் குமிழி நடுவில் போய் நின்றது.

அப்படிப்பட்ட வீடு அவர்கள் பெயரில் இல்லை என்பதுதான் கதை.

தாய் போன பிறகு அக்காவே வளர்த்து, கையோடு அழைத்து வந்த ஒரே தம்பி அவளுக்கு உண்டு. பிள்ளை இல்லாத அவளுக்குப் பிள்ளையும் அவன்தான். இங்கேயே படித்ததால் குடியுரிமை அவனுக்கு முதலில் கிடைத்தது. அது இல்லாதவர்கள் அந்த ஊரில் வீடு வாங்க முடியாது. வீடு வாங்கும் நேரத்தில் அது அவனிடம் மட்டும்தான் இருந்தது. ஆக, இவர்கள் உழைப்பில் வாங்கிய வீடு அவன் பெயரில் ஏறியது. பிறகு இவர்களுக்கும் குடியுரிமை வந்தது. பெயரை மாற்றிக் கொடு என்று கேட்கத்தான் அக்காவுக்கு வாய் வரவில்லை. தோளில் போட்டு வளர்த்த பிள்ளையிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா? "கேட்டா அவன் மூஞ்சி சுருங்கிடும்" என்று விட்டுவிட்டாள்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தம்பிக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் அப்பா சற்று இழுத்தார். "பையனுக்குன்னு என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டார். அக்காவுக்குச் சுருக்கென்றது.

"சொந்த வீடு இருக்குங்க. அவனே வாங்கினது. நாங்க ரெண்டு பேரும் அவன் நிழல்லதான் இருக்கோம்" என்று ஒரே போடாகப் போட்டாள்.

பக்கத்தில் இருந்த டைல்ஸ்காரர் காபியை உறிஞ்சியபடி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "நிழல் நல்லா குளுகுளுன்னு இருக்கு" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வந்த மருமகளும் தங்கமான பெண்.

காலம் போனது. கல் அறுத்த தூசி டைல்ஸ்காரரின் நுரையீரலில் குடியேறிவிட்டது. மூக்கில் காற்றுக்குழாயோடு ஹாலிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துத் தம்பிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. இந்த வீட்டை விற்று அங்கே ஒன்று வாங்கலாம் என்றாள் அவன் பெண்டாட்டி.

"நீங்களும் அண்ணாவும் எங்ககூடவே வந்துடுங்க அண்ணி. உங்களை விட்டுட்டா போவோம்?" என்றாள்.

"என் வீட்டை விக்கறதுக்கு நீ யாருடி?" என்று கேட்டாள் அக்கா.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. வீடு தம்பியுடையது என்று அண்ணி சொன்னதைக் கேட்டுத்தான் அவளுடைய அப்பா இந்தச் சம்பந்தத்துக்கே சம்மதித்திருந்தார். அவள் புருஷனைப் பார்த்தாள். 'வீடு அக்காவோடது' என்று அவன் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பெண்டாட்டி முன்னால் இத்தனை வருஷக் கௌரவம் போய்விடும். அவன் தரையைப் பார்த்தான். அது மாமா போட்ட தரை என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. பேச்சு வளர்ந்து, பேச்சு நின்று, கடைசியில் கோர்ட்டில் போய் முடிந்தது.

அக்காவின் வக்கீலம்மா கெட்டிக்காரி. "பெண் பார்க்கப் போன இடத்தில் நீங்கள் சொன்னதைத்தான் பெரிதாகக் கேட்பார்கள். அந்தப் பெண்ணின் அப்பா இப்போது உயிரோடு இல்லை. அப்படி எதுவும் சொல்லவில்லை என்று சொல்லிவிடுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.

கோர்ட்டில் அதைத்தான் கேட்டார்கள். மொழிபெயர்க்க வந்திருந்த பையன் தமிழில் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை அக்கா எதிரே பார்த்தாள். தம்பி பெண்டாட்டி கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று சொன்னால் அவளும், செத்துப்போன அவள் அப்பாவும் பொய்யர்களாகிவிடுவார்கள்.

"சொன்னேன். நான்தான் சொன்னேன். அவ மேல தப்பில்ல, அன்னிக்கு நான் சொன்னதுதான் பொய்" என்றாள் அக்கா.

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

நீதிபதிக்கே மனம் இளகியிருக்க வேண்டும். ஒரு வழி காட்டினார். இத்தனை நாளும் வாடகைக்கு இருந்ததாக இவர்கள் ஒப்புக்கொண்டால், நோயாளியான வாடகைக்காரரை வெளியேற்றச் சட்டத்தில் இடமில்லை. அவர் உயிர் உள்ளவரை அங்கேயே இருக்கலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்று இடைவேளை விட்டார்.

வெளியே தம்பி ஓடி வந்தான். "அக்கா, வாடகைக்கு இருந்தோம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. நாங்களும் ஒத்துக்கறோம். மாமா கடைசி வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்."

"உன் வாயிலயிருந்து 'வீடு அக்காவோடது'ன்னு ஒரே ஒரு வார்த்தை வருமாடா?"

அவன் கதவோரம் நின்ற பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

வாடகை என்றே சொல்லிவிடலாமா என்று அக்கா நினைக்காமல் இல்லை. ஹாலில் அவர் நாற்காலி, அவர் போட்ட தரை, ஜன்னல் வெளிச்சம் எல்லாம் ஒரு வார்த்தையில் மிஞ்சும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்ன வாயோடு அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். அவரை அவர் வீட்டிலேயே குடிக்கூலிக்காரராக்கிவிட்டு வந்திருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

மறுபடி கூப்பிட்டபோது மொழிபெயர்க்கும் பையன் எழுந்தான். "நீ உக்காருப்பா, இதை நானே சொல்லிக்கறேன்" என்றாள் அக்கா. அந்த ஊர் மொழியில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் போர்வை, கறை, சீக்கிரம் மாதிரியான சலவைக்கூட வார்த்தைகள்தான். இருந்தும் தலையை நிமிர்த்திக்கொண்டு அந்த மொழியிலேயே சொன்னாள்.

"வாடகை இல்லை. என் வீடு. என் புருஷன் தரை."

இலக்கணம் சரியில்லை. புரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. வீடு கையை விட்டுப் போனது.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். டைல்ஸ்காரர் மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாடகைக்கு இருக்கறவன் எவனாவது... இப்படித் தரை போடுவானா?" என்றார். சிரிப்பு இருமலாக மாறியது. அடங்கிய பிறகு, "சரியாத்தான் சொல்லியிருக்கே" என்றார்.

கோர்ட்டில் அழாத அக்கா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

காலி செய்த அன்று அவள் வீடு முழுவதையும் துடைத்தாள். அவர் நாற்காலியை விட்டு இறங்கி, கைப்பிடித்து அழைத்துப் போகச் சொல்லி, ஒவ்வொரு மூலையிலும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அடியில் கலவை விட்டுப்போன கல் என்றால் சத்தம் பொத்தென்று வரும். எல்லாமே கணீரென்று பதில் சொல்லின. "ஒண்ணுகூட விடலை" என்று சொல்லிவிட்டுத் தன் காலாலேயே வாசலைத் தாண்டினார்.

புது இடம் மாடியில் ஒரு சின்ன வாடகை வீடு. பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டிய தரை அங்கங்கே உப்பிக் கிடந்தது. "எவன்டா இதைப் போட்டவன்?" என்று அவர் தினமும் திட்டினார். திட்டுகிற தெம்பு இருக்கிறதே என்று அக்கா சந்தோஷப்பட்டாள். குளிர் தொடங்கும் முன்பே அந்தத் தெம்பும் போனது. ஒரு மத்தியானம் அவள் வேலை முடிந்து வந்தபோது அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது, மூச்சு இல்லை.

அவரோடு வேலை பார்த்த ஆட்களெல்லாம் வந்து மாடிப்படி வரை நின்றார்கள். தம்பியும் பெண்டாட்டியும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள்.

"அண்ணி, வீடு இன்னும் விக்கல. அண்ணாவை அங்க கொண்டுபோய் வைக்கலாம். அவர் போட்ட தரையிலேர்ந்தே எடுக்கலாம்" என்று அழுதாள் அந்தப் பெண்.

அக்காவுக்கு அந்த ஆசை இல்லாமலா இருக்கும்? அந்த ஹாலில், அந்தச் சாம்பலும் பழுப்பும் வெள்ளையும் சேர்ந்த தரையில் அவரைக் கிடத்தினால் மனம் ஆறும். அவர் மேலிருந்த போர்வையின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டாள்.

"வேணாம்மா. நீ நல்ல மனசோட கூப்பிடறே, தெரியுது. ஆனா அந்த வீட்டுக்கு அவர் விருந்தாளியா வரமாட்டாரு."

தம்பி அப்படியே உப்பிய தரையில் உட்கார்ந்துவிட்டான். "அது உங்க வீடுக்கா! நீயும் மாமாவும் வாங்கினது. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்று பெண்டாட்டி முன்னால், மாடிப்படி வரை நின்ற அத்தனை பேரும் கேட்கக் கத்தினான்.

"அன்னிக்குச் சொல்லியிருக்கணும்டா" என்றாள் அக்கா.

வேறு திட்டவில்லை. முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, எழுந்திரு என்று கையைக் கொடுத்தாள்.

"தலைமாட்டை நீ பிடி. படி குறுகல், ஒரு பக்கம் சாய்ஞ்சிடக் கூடாது. மட்டமா தூக்குங்க, உங்க மாமாவுக்குக் கோணல் ஆகாது."

அவர்கள் தூக்கினார்கள். அக்கா முன்னால் இறங்கி, ஒவ்வொரு படியிலும் திரும்பி மட்டம் பார்த்துக்கொண்டே போனாள்.