துட்டி வீட்டுக் கிடை

சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் திரும்புவதற்குள் வீட்டைக் கழுவிவிட வேண்டும். முத்துசெல்வி குடம் குடமாகத் தண்ணீரைச் சாய்த்து, அய்யாவின் கட்டில் கிடந்த இடத்தைத் துடைப்பத்தால் தள்ளினாள். மாதக்கணக்கில் அந்த மூலையிலிருந்து வந்த இழுப்புச் சத்தம் இப்போது இல்லை. அடுத்த மூச்சு வருமா என்று இனிக் காது கொடுத்துக் கிடக்க வேண்டியதில்லை. நெஞ்சு லேசாகியிருந்தது. அது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று குனிந்தே கழுவினாள்.

காலையிலிருந்து திறந்துவிடாத ஆடுகள் பட்டியில் கத்திக்கொண்டிருந்தன.

குளித்த ஈரத்தோடு ஆண்கள் வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். சித்தப்பா சோலைமுத்துதான் பேச்சை எடுத்தார். பதினாறாம் நாள் கிடாய்களை அறுத்து ஊருக்கே கறிச்சோறு போட வேண்டும், மிச்ச ஆடுகளை எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிவிட வேண்டும், செத்துப்போன தன் அண்ணன் வெயிலுமுத்து பேர் நிற்க அதுதான் வழி என்றார். முத்துசெல்வியின் அண்ணன் இசக்கிபாண்டி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவன். வேட்டி நுனியைப் பிழிந்தபடி தலை கவிழ்ந்திருந்தான். அவன் சரி என்றுவிட்டால் தீர்ந்தது.

முத்துசெல்வி துடைப்பத்தைச் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தாள்.

“அய்யா பேரு கறிச்சோத்துல வேண்டாம் சித்தப்பா. கை கழுவுனாப் போயிரும். கிடை போடுவோம். கூலி குடுக்க ஏலாதவிய நிலமாப் பாத்துச் சும்மா போடுவோம்.”

விதைப்புக்கு முன் ராத்திரியெல்லாம் ஆடுகளை நிலத்தில் படுக்கவைத்து மண்ணுக்கு உரமேற்றுவது, அய்யா கால் நடக்கிறவரை செய்த வேலை.

சித்தப்பா சிரித்தார். “ஏட்டி, துட்டி வீட்டு ஆட்டை எவன் தன் நிலத்துல ஏத்துவான்? தீட்டுக் கழியட்டும்பான்.”

முத்துசெல்வி பட்டியைத் திரும்பிப் பார்த்தாள். ஆடுகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன.

சாவுக்குத் துட்டி கேட்க வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த உமாதேவி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்க்கொண்டு, புஞ்சையையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிறவள். அவள் நிலத்தில் கிடை விழுந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

“ஆட்டுக்கு ஏது அண்ணாச்சி தீட்டு? எம் புஞ்சைக்கு வரட்டும்.”

இசக்கிபாண்டி அப்போதுதான் நிமிர்ந்தான்.

“பதினாறு நாளும் போடுவோம் சித்தப்பா. நாளுக்கு ஒரு புஞ்சை. நான் கம்பெனில லீவு சொல்லிக்கிடுதேன். பெறவு ஆட்டைத் தங்கச்சி பாத்துக்கிடுவா. சந்தைக்கு வேண்டாம்.”

சித்தப்பா அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

“ஒங்க அய்யா செத்தும் என்னையத் தூங்கவிடல. நரி வந்தா வெரட்ட, பனியன் தைக்கவனா வருவான்? நாந்தான் வரணும்.”

பந்தலில் யாரோ சிரித்தார்கள். இசக்கிபாண்டி எழுந்து போய்ப் பட்டியைத் திறந்தான்.

வழிநெடுக மேய்ந்து, பொழுது சாயும் நேரத்தில் ஆடுகள் உமாதேவியின் புஞ்சைக்கு வந்து சேர்ந்தன. சுற்றிலும் வலை கட்டினார்கள். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆடுகள் கொஞ்ச நேரம் மண்ணை மோந்தபடி நின்றன. ஒன்று முன்னங்காலை மடக்கியது. அதைப் பார்த்து இன்னொன்று. மெல்ல அசைபோடும் சத்தம் எழுந்தது.

வரப்பில் உட்கார்ந்திருந்த முத்துசெல்வி செருப்பைக் கழற்றினாள். வெயிலின் சூடு இன்னும் ஆறாத மண்ணில் காலை நீட்டிக்கொண்டாள்.