செருப்பு மாட்டும் நேரம்

அக்கா வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் விஷயத்துக்கு வரவில்லை. இப்போதைக்கு வரவும் மாட்டாள் என்று சின்னவளுக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில் முக்கியமான எதையும் உட்கார்ந்து சொல்லிப் பழக்கமே கிடையாது. அண்ணனுக்கு வேலை போனது, அம்மா வயிற்றில் கட்டி இருந்தது, எல்லாமே ஒரு காலில் செருப்போடு வாசலில் நின்றுகொண்டு சொன்னவைதான். அதுவரைக்கும் வெயில், மூட்டுவலி, எதிர்வீட்டுக்காரியின் கொழுப்பு என்று ஊர்க்கதை ஓடும்.

சின்னவளுக்கு ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. காலையிலிருந்து ஈரமான படுக்கை விரிப்புகளை உதறி உதறி இஸ்திரி இயந்திரத்துக்குள் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கணுக்கால்கள் இரண்டும் பொதபொதவென்று வீங்கியிருந்தன. காலை நீட்டிப் படுத்தால் போதும், வேறு சொர்க்கம் வேண்டாம். ஆனால் பெரியவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எப்படி நீட்டுவது? புடவைக்குள் மடக்கி வைத்துக்கொண்டாள்.

"அப்பா எப்படிக்கா இருக்காரு?" என்று அவளேதான் கேட்டாள். கேட்காவிட்டால் குற்றம், கேட்டால் ஆபத்து.

"அவருக்கென்ன, இருக்காரு" என்றாள் அக்கா, டம்ளர் விளிம்பைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே.

அம்மா போனதிலிருந்து அப்பா அக்கா வீட்டில்தான். இப்போதெல்லாம் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார், சாப்பிட்ட கையோடு சாப்பாடு கேட்கிறார். போன தடவை வந்தபோது அக்கா வாசலில் நின்று, "ஒரு மாசம் நீ வெச்சுக்கறியா பாப்பா?" என்று கேட்டாள். "மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம்" என்றாள் சின்னவள். ஒன்றுகூடப் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

அவள் கணவருக்குச் செருப்புக்கடையில் வேலை. பகலெல்லாம் ஊராரின் காலடியில் குந்தியிருக்கும் மனிதருக்கு, மனிதர்கள் செய்யும் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயரே 'ஏன் தெரியுமா'. அன்றைக்கும் அக்காவின் தலை மறைந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"எதுக்கு எல்லாரும் வாசல்ல வெச்சே கேக்கறாங்க, ஏன் தெரியுமா? உள்ள கேட்டா பதில் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும். வாசல்ல கேட்டா, எதிராளி மூஞ்சி சுருங்கினதும் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கிட்டுக் கிளம்பிடலாம். யாருக்கும் மானம் போகாது."

"எனக்குப் போச்சு" என்றாள் சின்னவள்.

இன்று அக்கா இரண்டு தடவை எழுந்துபோய் பால்கனியிலிருந்து தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "காத்து நல்லா வருதுடி" என்றாள். இலை அசையாத சாயங்காலம். சமையலறையில் கணவர் காதோரம் வந்து, "உங்கக்கா கெளம்பப் போறாங்க. மனசு முன்னாடியே கெளம்பிட்டா கண்ணு தெருவுக்குப் போயிடும்" என்று கிசுகிசுத்தார். சின்னவளுக்கு எரிச்சலாக வந்தது. சொல்ல வேண்டிய பதிலை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். மாடி, லிஃப்ட், வேலை.

"சரி பாப்பா, நேரமாச்சு."

சின்னவள் கதவில் சாய்ந்து நின்றாள். அக்கா வலது செருப்பை மாட்டினாள். இடது செருப்பைக் காலால் துழாவியபடி தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பார்வை கீழே இறங்கியது.

"காலு என்னடி இப்படி வீங்கிக் கெடக்கு? உப்பைக் குறைச்சுக்கோ."

மற்ற செருப்பையும் மாட்டிக்கொண்டாள். "வரேன்."

அவ்வளவுதான். படியிறங்கும் சத்தம் தேய்ந்து நின்றது. தப்பித்தோம் என்று சின்னவள் பெருமூச்சு விட்டாள்.

"ஒண்ணுமே கேக்கலையே" என்றார் கணவர். "ஏன்..." என்று இழுத்தவர், அப்படியே நிறுத்திவிட்டார்.

அவள் பால்கனிக்குப் போனாள். கீழே மருந்துக்கடை பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். தலை படிய வாரிவிட்டிருந்தது, கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. காலடியில் ஒரு பெரிய பை. அக்கா கடைக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு, குனிந்து அப்பாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தாள். முதல் தடவை முடியவில்லை.

வெறுங்காலோடு சின்னவள் இறங்கி ஓடினாள்.

"இவ்வளவு நேரமா இங்கயா உக்கார வெச்சிருந்தே? சொல்லக் கூடாதாக்கா?"

"மூணு மாடி ஏறுவாராடி? உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, உன் வீட்டுக்காரரை விட்டுத் தூக்கிட்டு வரச் சொல்லலாம்னுதான் வந்தேன்." அக்கா மூச்சு வாங்கினாள். "அப்புறம் உன் காலைப் பார்த்தேன். விடு."

சின்னவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், ராத்திரி அழுதுவிட்டுத் தூங்கியிருப்பாள். கேட்காமலே போகிறவளிடம் எதை மறுப்பது? அக்காவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை இப்போதுதான் பார்த்தாள். மேலே ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தும் பார்க்கவில்லை.

அக்கா பையை எடுக்கக் குனிந்தாள். பாதி திறந்திருந்த பைக்குள் அப்பாவின் துணி முழுவதும் மடித்து அடுக்கியிருந்தது, கம்பளிகூட. ஒரு மாதத்துக்கான பை இல்லை அது. அக்கா ஒரு பிடியைப் பிடித்தாள். சின்னவளின் கை தானாகப் போய் மற்றொரு பிடியைப் பிடித்தது. தூக்கிவிடவா, வாங்கிக்கொள்ளவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"விடுடி, நான் தூக்கிக்கறேன்."

அவள் விடவில்லை. அக்காவும் விடவில்லை.

அப்பா பெஞ்சிலிருந்து ஒரு மகளைப் பார்த்தார், பிறகு இன்னொருத்தியைப் பார்த்தார். முழங்காலில் கையை ஊன்றித் தானாகவே மெல்ல எழுந்து நின்றார்.

"போலாமா?" என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் பை தொங்கிக்கொண்டிருந்தது.