மேலே போன பை

சிஸ்டர் சக்கரம் வைத்த கம்பியில் மூன்று மருந்து பாட்டில்களை மாட்டினாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்த காலர்காரி, அது பக்கத்து நாற்காலிக்கு என்றுதான் நினைத்தாள். துணி ஆலையில் சட்டைக் காலர் தைப்பதால் வந்த பெயர். புற்றுநோய்ப் பிரிவிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

"சிஸ்டர், எனக்கு ஒரே பைதானே?"

"அந்தப் பை மருந்து ஆராய்ச்சி போன வாரத்தோட முடிஞ்சிடுச்சும்மா. இனிமே பழையபடி ஒண்ணொண்ணாத்தான். நடுவுல உப்புத்தண்ணி விட்டுக் குழாயைக் கழுவணும். சாயங்காலம் ஆயிடும்."

"எனக்கு இன்னும் ரெண்டு தடவை பாக்கி இருக்கே?"

"ஆராய்ச்சிக்கு வேண்டிய அளவு ஆள் சேர்ந்துட்டாங்களாம்." சிஸ்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நரம்பைத் தேடினாள்.

"மூணா? ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு, மாமியார் வீட்டு வேலை மாதிரி!" என்றாள் பக்கத்து நாற்காலி அக்கா. காலர்காரிக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று மருந்தையும் ஒன்றையொன்று கெடுக்காதபடி ஆராய்ச்சிக்காரர்கள் ஒரே பையில் கலந்திருந்தார்கள். நான்கு முறை அதைத்தான் ஏற்றிக்கொண்டாள். முதல் முறை நரம்பு தீயாய் எரிந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கறுத்த கோடு விழுந்தது. எந்த நிமிடத்தில் எரிந்தது, எத்தனை முறை வாந்தி என்று அவர்கள் கொடுத்த நோட்டில் எழுதினாள். அதைப் பார்த்துப் பார்த்துக் கலவையை மாற்றினார்கள், சொட்டும் வேகத்தை மாற்றினார்கள். மூன்றாம் முறை எரியவே இல்லை. இரண்டே மணி நேரம். மதிய ஷிஃப்டுக்குப் போய்விடலாம்.

"அரை நாள்னா கண்ணை மூடிக்கிறேன். முழு நாள்னா உன் மெஷின்ல வேற ஆள்," என்று சூப்பர்வைசர் முன்பே சொல்லியிருந்தார்.

முதல் பாட்டில் பாதியில் இருக்கும்போது சிஸ்டர் திரும்ப வந்து தயங்கி நின்றாள். "மேல கட்டண வார்டுல அந்தப் பையை ஆரம்பிச்சிருக்காங்க. ஒரு அம்மா பயந்துபோய் ஊசியே வேண்டாங்கிறாங்களாம். ஏத்திக்கிட்டவங்க யாராவது வந்து ரெண்டு வார்த்தை சொல்லணுமாம். நீ வர்றியா?"

முதல் நாள் தனக்குக் கேட்க யாருமில்லாமல் போனது காலர்காரிக்கு நினைவு வந்தது. கம்பியை உருட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினாள்.

அவள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கணவன் கையை இறுகப் பிடித்திருந்தாள். தலைக்குமேல், கறுப்பு உறை போட்ட அதே பை.

"எரியுமா?"

"முதல்ல எரிஞ்சுது. அப்புறம் மாத்திட்டாங்க. இப்போ எரியாதுங்க."

"எப்படி மாத்தினாங்க?"

காலர்காரி தன் கையில் இருந்த கறுத்த கோட்டைப் பார்த்தாள். "எங்களைக் கேட்டுத்தான்."

அந்தப் பெண் மெல்லக் கையை நீட்டினாள். ஊசி இறங்கியதும் மூச்சு விட்டாள். பிறகுதான் எதிரே இருந்த கம்பி அவள் கண்ணில் பட்டது.

"உங்களுக்கு ஏன் பாட்டிலு?"

"பை மேல வந்துடுச்சுங்க. கீழே இல்ல."

இரந்து கேட்க வந்தவளைப் போலத் தான் கூசி நிற்பதை உணர்ந்தாள் காலர்காரி. லிஃப்டில் இறங்கும்போதுதான் கோபம் வந்தது. கூச வேண்டியவர்கள் யாரும் கூசவில்லை. நான் ஏன் கூசினேன்? அதைக்கூட எவ்வளவு பணிவாகச் சொல்லித் தொலைத்தேன்!

பன்னிரண்டு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண் கணவனோடு நடந்து போய்க் காரில் ஏறினாள். இங்கே இரண்டாம் பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு மணி தாண்டியதும் போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"எங்கம்மா இருக்க?"

"அண்ணே, இன்னைக்குச் சாயங்காலம் ஆயிடும்ணே. இந்த ஒரு தடவை மட்டும்…"

"நான்தான் அப்பவே சொன்னேன்ல?"

அவர் குரலுக்குப் பின்னால் ஆலை இரைந்தது. அத்தனை இரைச்சலிலும், திருப்பத்தில் லேசாகத் திக்கி ஓடும் தன் மெஷினின் சத்தம் அவளுக்குத் தனியாகக் கேட்டது. யாரோ அதில் காலர் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

சிஸ்டர் குழாயைக் கழுவிவிட்டு மூன்றாவது பாட்டிலைத் திறந்துவிட்டாள்.