எண்ணூற்றுப் பத்து கிராம் ஆம்பளை

இரண்டும் பெண் முயல்தான் என்று கரையான்சாவடிக் கடைக்காரர் அடித்துச் சொல்லித்தான் விற்றார். நாலு மாத வயதாகி, குண்டுவுக்கு விதைகள் இறங்கியபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. குண்டு என்பது பெயரில் மட்டும்தான். கார்த்திகாவின் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவான். கூட வாங்கிய ராணியோ அவனைப்போல் இரண்டு மடங்கு.

காட்டுப்பாக்கத்தில் கார்த்திகாவும் புருஷனும் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் சம்பத், சேதி கேட்டு மாடியேறி வந்தார்.

"இன்னாம்மா, ஆணும் பொண்ணும் ஒண்ணா கீது? மாசத்துக்கு ஒரு தபா குட்டி போடும். என் ஊடு இன்னாத்துக்கு ஆவறது? ஞாயித்துக்கெழம ஆண் முயல எங்க சகலைகிட்ட குடுத்துடு. திருமழிசைல அவருக்குத் தோட்டம் கீது."

அந்தத் தோட்டத்துக்குப் போன முயல் எதுவும் உயிரோடு இருந்ததாகத் தகவல் இல்லை. சகலை ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குப் பேர் போனவர்.

"வேணாம்ணா. இவனுக்கு ஆபரேஷன் பண்ணிடறோம். குட்டியே வராது."

சம்பத்துக்கு முகம் விழுந்துவிட்டது. மாடு வளர்த்த குடும்பம், காளைக்குக் காயடிப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர்தான். இருந்தும், "பாவம்மா, ஆம்பளப் புள்ளையாச்சே!" என்றார். குழம்பில் போட்டால் பாவமில்லையாம், இதுதான் பாவமாம்!

அவள் புருஷன் மோகன், கம்பெனியில் பத்து பேரைக் கட்டி மேய்க்கிறவன், அவனும் அந்தக் கட்சியில் சேர்ந்துகொண்டான். ஆனால் அவன் கேட்ட ஒரு கேள்வி மட்டும் அவளைத் தைத்தது.

"இத்தனூண்டு உடம்பு, மயக்க மருந்தைத் தாங்குமா கார்த்தி?"

அவளுக்கும் அதே பயம்தான். காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று தன் கையாலேயே கொன்றுவிட்டால்?

பூந்தமல்லி டாக்டர் ஜமீலா, குண்டுவின் பல்லைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், வயிற்றைத் தடவினார்.

"எண்ணூத்திப் பத்து கிராம். வயசுக்கு ரொம்பக் கம்மி. பிறவியிலேயே சின்னவனா, இல்ல உள்ள ஏதாவது நோய் இருக்கா? நோயா இருந்தா டேபிள்லயே போயிடுவான்மா. அது தெரியாம கை வைக்க எனக்குத் தயக்கமா இருக்கு."

கார்த்திகா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். பாடி பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவளுக்குத் தரம் பார்க்கிற வேலை. அளக்காமல் ஒரு பொருளை நம்பினால் அவளுக்குச் சோறு இறங்காது. குண்டு வந்த நாள் முதல் தினமும் காலையில் அவனைக் கிண்ணத்தில் உட்காரவைத்து, சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வைத்திருந்தாள். மோகன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆறு கிராம் ஏற்றம், எட்டு கிராம் ஏற்றம், ஏழு கிராம் ஏற்றம்.

"ஒரு நாள்கூட இறங்கலை டாக்டர்," என்றாள் கார்த்திகா. சொல்லும்போதே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நோயாளி இப்படி நாள் தவறாமல் ஏறுவானா? பயம் போன இடம் தெரியவில்லை.

"இவன் சின்ன சைஸ், அவ்வளவுதான். ரிஜெக்ட் இல்ல. பண்ணிடுங்க."

டாக்டர் சிரித்தார். "எனக்கும் அப்படித்தான் தோணுது. சனிக்கிழமை கொண்டு வாங்க. காலைல நல்லா சாப்பிடட்டும், முயலைப் பட்டினி போடக் கூடாது."

சனிக்கிழமை உள்ளே அரை மணி நேரம் ஆயிற்று. வெளியே மோகன் இரண்டு காலையும் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கத்தி என்னவோ அவனுக்கு என்பதுபோல! அந்தப் பதற்றத்திலும் கார்த்திகாவுக்குச் சிரிப்பு வந்தது.

கண் விழித்த குண்டுவை டாக்டர் அவள் கையில் கொடுத்தார். "நல்லபடியா முடிஞ்சுது. சாயந்திரத்துக்குள்ள சாப்பிட்டுப் புழுக்கை போடணும். போடலைன்னா உடனே போன் பண்ணுங்க. ராணியை மட்டும் ஒரு மாசம் பிரிச்சே வைங்க, அதுவரைக்கும் குட்டி உண்டாக வாய்ப்பு இருக்கு."

வீட்டில் பழைய பேப்பர்மேல் துண்டை விரித்து அவனைப் படுக்கவைத்தார்கள். மூன்று மணி ஆகியும் அசையவில்லை. சம்பத் இரண்டு தடவை மாடியேறி வந்து, "இன்னா, போட்டானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பாவம் பார்த்தவராயிற்றே, இருப்புக்கொள்ளவில்லை. மோகன் ஒரு கொத்தமல்லிக் காம்பை நீட்டியபடி தரையிலேயே கிடந்தான்.

நாலரைக்குக் குண்டு மூக்கை ஆட்டினான். காம்பைக் கடித்தான். இன்னொன்று கேட்டான். கொஞ்ச நேரத்தில் எழுந்து, துண்டைவிட்டு இறங்கி, பேப்பரில் போட்டான் ஒன்று. பிறகு வரிசையாக ஆறு.

கார்த்திகா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மோகன் துள்ளிக் குதித்தான். அவள் பேப்பரை அப்படியே ஏந்திக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கி, காபி குடித்துக்கொண்டிருந்த சம்பத்தின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்கண்ணா! ஏழு!"

சம்பத் டம்ளரைக் கீழே வைத்தார். மாடு வளர்த்தவர் கண்ணால் குனிந்து பார்த்தார்.

"நல்லா கெட்டியா கீதும்மா. பொழச்சிக்கினான்."

"நாளைக்கு உங்க சகலைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"கோழி வாங்கித் துன்னச் சொல்றேன்," என்றார் சம்பத். "இவன் நம்ம ஊட்டுப் புள்ள."