நீலத்துக்கு ஆரஞ்சு

அக்காவுக்கு முகம்தான் சோறு போட்டது, தங்கைக்குக் கை. இருவரும் ஒரே கடையில், வருகிறவர்களுக்குக் கிரீமும் பவுடரும் பூசிக் காட்டி விற்றார்கள். முதலாளி திறக்கப்போகும் புதுக் கடையில் வாசல் கண்ணாடியை ஒட்டிய நாற்காலி ஒருத்திக்குத்தான். அவளைப் பார்த்துத்தான் தெருவில் போகிறவர்கள் உள்ளே வரவேண்டும். அந்த நாற்காலிக்காகத்தான் அக்கா மூக்கோரக் கோடுகளை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டாள்.

தங்கைக்கும் அதன்மேல் கண் உண்டு. சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. அக்கா அவளை வாடிக்கையாளர்கள் எதிரிலேயே 'சப்பை' என்றுதான் கூப்பிடுவாள். கூடப் பிறந்தவளென்று சொன்னால் நம்பமாட்டீர்கள் என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், தங்கையும் சிரித்து வைப்பாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு முடித்ததும் அக்கா கைக்கண்ணாடியை விட்டு நிமிரவில்லை. அதனால் நர்ஸ் சொல்லவேண்டியதையெல்லாம் தங்கையிடம் சொன்னாள். வீக்கம் இருக்கும், கன்னிப்போகும், பயப்பட வேண்டாம். ஆனால் தோல் வெளுத்து, சுற்றி வலை பின்னின மாதிரி நீலம் பாரித்து, வலியும் ஏறினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. ரத்தம் ஓடாத தோல் செத்துப்போகும். தங்கை நன்றாகத் தலையாட்டினாள்.

மறுநாள் காலை நர்ஸ் வீடியோவில் கூப்பிட்டு முகத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. வெறும் முகத்தை அக்கா பால்காரனுக்கே காட்டமாட்டாள், நர்ஸுக்கா காட்டுவாள்? தங்கையை மேக்கப் பெட்டியோடு கூப்பிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ராத்திரியெல்லாம் ஐஸ் வைத்தும் விண் விண் என்று தெறிக்கிறது என்றாள்.

தங்கை குனிந்து பார்த்தாள். மூக்கின் இடது ஓரம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அதைச் சுற்றி நீல வலை. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

"என்னடி முழிக்கிற, ஆசையா இருக்கா? உன் மூஞ்சிக்கெல்லாம் ஊசி பத்தாது சப்பை, சிமென்ட்தான் பூசணும்."

தங்கை வாயை மூடிக்கொண்டாள்.

"வெளுத்திருக்கே, அது ஏன்?" என்று அக்கா கேட்டாள்.

"ஐஸ் வச்சல்ல, அதான்."

நீலத்துக்கு ஆரஞ்சு கிரீம், வெளுப்புக்குத் துளி ரோஜா நிறம், இரண்டின் மேலும் தோல் நிறம். வலிக்காமல், விரல் நுனியால் ஒற்றி ஒற்றிப் பூசினாள். அவள் கை அதுவரை அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை. செய்யும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்?

போனில் நர்ஸ் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பச் சொன்னாள். எதுவும் பூசியிருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, இல்லவே இல்லை என்று அக்கா வீம்பாகச் சொன்னாள். வலி எப்படி என்றதற்குத் திரையில் தெரிந்த தன் முகத்தையே பார்த்தாள். அப்படியொரு முகத்தில் வலி எப்படி இருக்கும்? அவ்வளவாக இல்லை என்றாள். தங்கை பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

அடுத்தடுத்த நாட்களில் அந்த இடம் கறுத்துக் கொப்பளித்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இவ்வளவு தாமதமாகவா வருவது என்று டாக்டர் கத்தினார். ஊசி போட்ட மறுநாள் பார்த்தபோது பளிச்சென்று இருந்ததே என்று நர்ஸ் அழாத குறையாகச் சொன்னாள். உயிருக்கு ஒன்றுமில்லை. மூக்கோரத்தில் ஒரு குழியும் கறுப்புத் தழும்பும் நின்றுவிட்டன.

வாசல் நாற்காலி தங்கைக்குக் கிடைத்தது. கைராசிக்காரி என்றார் முதலாளி. அக்காவைப் பின்பக்கம் பெட்டி கட்டப் போட்டார்.

புதுக் கடை திறந்த அன்று, ஆட்கள் வருமுன் அக்கா வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தை வெளிச்சத்துக்கு நிமிர்த்தினாள்.

"நர்ஸுக்குத் தெரியாம மறைச்சியே, அதே மாதிரி மறைச்சு விடு."

தங்கை ஆரஞ்சு கிரீமை எடுத்தாள். நிறம் மறைந்தது. குழி மறையவில்லை, மேலே மேலே பூசினாள்.

"ஆரஞ்சு நீலத்துக்குத்தானே போடுவோம்?" கண்ணைத் திறக்காமலே அக்கா கேட்டாள். "ஐஸ்னு நினைச்சவ அன்னைக்கு ஏன் ஆரஞ்சு எடுத்த?"

தங்கையின் விரல் குழியிலேயே நின்றது.

"பூசு. இனிமே தினமும் காலையில வந்து உக்காருவேன். நீதான் பூசணும்."

வெளியே ஷட்டரைத் தூக்கினார்கள். தங்கை பூசினாள்.