பித்தளை புஷ்

"ஜல்தியா ஒரு புஷ் கடைஞ்சி குடுடா, அய்யனாரு. நாளைக்குப் பட்டு முதலாளி வீட்டுக் கல்யாணம்" என்று லேத்துப் பட்டறை வாசலில் வந்து நின்றார் போட்டோக்காரர் லோகநாதன். அவருடைய பழைய ஜெர்மன் கேமராவின் அடித்துளை பெரிது. மெட்ராசில் வாங்கி வந்த புது ஸ்டாண்டின் திருகு சிறிது. இரண்டையும் சேர்க்க, உள்ளும் புறமும் மரை போட்ட பித்தளை வளையம், அதுதான் புஷ், வேண்டும்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அய்யனாரின் அப்பா செத்தபோது, காலனிக்குள் வரமாட்டேன் என்று பாடையைத் தெருமுனைக்குத் தூக்கி வரச் சொன்ன ஆள் இவர். எடுத்தது ஒரே படம். அதிலும் தலை இல்லை. போய்க் கேட்டதற்கு, "வேட்டி தெரியுதில்ல? போதும் போடா" என்றார். அந்தப் படத்துக்குத்தான் அம்மா இன்றும் மாலை போடுகிறாள்.

அய்யனார் மரையை மயிரிழை தளர்த்திக் கடைந்தான். நேராக வைத்தால் கேமரா அசையாது. ஆளுயரப் படத்துக்குப் பக்கவாட்டில் சாய்த்தால், லென்ஸின் கனத்தில் மெல்லக் குனியும். குறி பார்த்துவிட்டு, பெண் மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்துகிறவருக்கு அது எங்கே தெரியப்போகிறது? லோகநாதன் நேராக வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, திருப்தியாகப் போனார்.

நாலாம் நாள், கழுவிய படங்களோடு ஓடி வந்தார்.

"பேஜாராப் போச்சுடா! பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேருக்கும் தலையே இல்ல. முதலாளி என்னத் தேடிகினு கீறாரு!"

அய்யனார் கையைத் துடைத்துக்கொண்டு, படங்களை ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தான்.

"பட்டு தெரியுதில்ல?" என்றான். "போதும் போடா."