இருவருக்கென்று இருந்த சொல்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் ஆளைப் பார்த்துப் பிறக்கவில்லை. ஒரு சொல்லைப் பார்த்துப் பிறந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘விட்’ என்று ஒரு சொல் இருந்திருக்கிறது. நான் மட்டுமல்ல, நாம் எல்லோரும் அல்ல; நாம் இரண்டு பேர், அவ்வளவுதான். மூன்றாம் ஆளுக்கு அதில் இடமே இல்லை. ‘நீங்கள் இரண்டு பேர்’ என்பதற்கும் ‘யிட்’ என்று தனியாக ஒன்று. அடேயப்பா! படித்தவன் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

‘பாடுகிறேன்’, ‘பாடுகிறாய்’ என்று நாம் செய்வதுபோல அவர்களும் ஆளுக்குத் தக்கபடி வினையின் வாலை மாற்றியிருக்கிறார்கள். பிறகு வால்கள் பெரும்பாலும் உதிர்ந்தன. இருவருக்கான சொல்லும் போயிற்று. யாரும் கூட்டம் போட்டு ஒழிக்கவில்லை. கடைசியாக அதைச் சொன்னவர், அது கடைசி என்று தெரியாமலே சொல்லியிருப்பார். நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இந்தச் சொல்லுக்குள் உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டுமே?

2.

‘மழை தூறிக்கொண்டிருந்தது. அவனும் அவளும்…’ சீ! காதலர்களை எத்தனை தடவைதான் நனைப்பது?

‘பேராசிரியர் தன் மாணவியிடம்…’ வேண்டாம். அவர் வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டார்.

மூன்றாவது தொடக்கம் நிலைத்தது. ஓர் அச்சகத்தின் மாடியறை. மேசைக்கு இந்தப் பக்கம் மச்சான். அந்தப் பக்கம் மாப்பிள்ளை, மச்சானின் தங்கையைக் கட்டியவர். இருவருக்கும் மெய்ப்புத் திருத்துகிற வேலை. மாப்பிள்ளை மூலப்பிரதியை உரக்க வாசிப்பார், கமா முற்றுப்புள்ளி உட்பட. மச்சான் அச்சான தாளில் விரலை ஓட்டுவார். காதில் விழுந்தது தாளில் இல்லையென்றால் உடனே ஓரத்தில் எழுதவேண்டும். யோசிக்கக் கூடாது, யோசித்தால் வரி தப்பிவிடும். இருபது வருடமாக இப்படித்தான்.

அதில் கடைசிப் பதினோரு மாதமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. வாசிப்பு மட்டும்தான்.

3.

பதினோரு மாதத்துக்கு முன், மனைவிக்குச் ‘சாதாரணக் காய்ச்சல்தான்’ என்று சொல்லித்தான் மாப்பிள்ளை இரண்டு நாள் லீவு போட்டார். அவள் தேறிவிடுவாள் என்று நம்பினார், பாவம். மச்சானுக்குத் தகவல் வந்து அவர் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது தங்கையின் முகத்தை மூடியிருந்தார்கள். கடைசியில் அவள் என்ன சொன்னாள் என்பது உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். நேரத்தோடு சொல்லி அனுப்பாத அந்த ஆளிடம்தான் இவர் பேசுவதில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, கேட்க வீம்பும் விடவில்லை.

(மாப்பிள்ளை கெட்டவரா? முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் அந்த மனுஷன் பக்கத்துக்குப் பக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். வில்லன் வேலைக்கு அவர் லாயக்கில்லை.)

4.

அன்று வந்தது, பழைய ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் விளக்கும் புத்தகம். நாலு மணிக்குள் பக்கங்கள் கீழே அச்சுக்குப் போகவேண்டும்.

“விட் கமா நாம் இருவர் மட்டும் முற்றுப்புள்ளி,” என்று மாப்பிள்ளை வாசித்தார். “இருவரைக் குறித்தாலும் வினை பன்மையிலேயே வரும் முற்றுப்புள்ளி.” ஒரு மூச்சு விட்டார். பிறகு அதே குரலில், அதே வேகத்தில், “மன்னிச்சிடுங்க மச்சான் முற்றுப்புள்ளி.”

மச்சானின் கை எழுதிவிட்டது! இரண்டு சொல், ஒரு புள்ளி, செருகவேண்டிய இடத்தில் ஒரு குறி. எழுதி முடித்த பிறகுதான் எழுதியது என்னவென்று அவருக்கு உறைத்தது.

ஓரத்தில் சேர்த்ததைத் திருப்பி வாசித்து ஒப்புதல் வாங்கவேண்டும், அது அந்த அறையின் விதி.

“மன்னிச்சிடுங்க மச்சான் முற்றுப்புள்ளி,” என்று வாசித்தார் மச்சான். “சரியா?”

“அது பிரதியில இல்ல மச்சான்.”

“இல்லாததை எதுக்குய்யா வாசிச்சே?”

“வேற எப்படிச் சொல்றது? நான் வாசிச்சாத்தானே நீங்க காது குடுக்குறீங்க.”

(சத்தியமாகச் சொல்கிறேன், இந்தப் பதிலை நான் யோசிக்கவில்லை. அவரே சொல்லிவிட்டார்.)

5.

முடிவு ஒன்று: மச்சான் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு… எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது.

முடிவு இரண்டு: இருவரும் கட்டிப்பிடித்து… கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். மச்சான் பேனாவை மூடி வைத்தார்.

“மாப்ளே… அவ கடைசியா என்ன சொன்னா?”

மாப்பிள்ளை எழுந்து, நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்தார். எழுதுகிறவன் என்கிற உரிமையில் நானும் அங்கேயேதான் இருந்தேன். முதல் வார்த்தை காதில் விழுவதற்குள் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன். அது அவர்கள் இரண்டு பேருக்கானது. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

மணி நாலாகப் போகிறது, கீழேயிருந்து ஆள் வந்துவிடுவார். ஓரத்தில் அந்த இரண்டு சொற்களும் கோடு போட்டு அடிக்கப்படாமல் இருக்கின்றன. இலக்கணப் புத்தகத்தில் அவற்றுக்கு வேலையில்லை, எனக்கும் தெரியும். பக்கத்தை உங்களிடம் தள்ளுகிறேன். அடிப்பதானால் நீங்களே அடித்துவிடுங்கள். எனக்குக் கை வரவில்லை.